புண்ணாக்கைத் தின்ற நகரம்

என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி இது: "உலகத்தில் எல்லோருக்கும் போதுமான உணவு விளைகிறது என்கிறார்கள். பிறகு ஏன் சூடானில் பஞ்சம்? மழை பொய்த்துவிட்டதா, மக்கள்தொகை பெருகிவிட்டதா? இங்கே உட்கார்ந்து நாம் வருந்துவதால் யாருக்கு என்ன பயன்?"

நான் செவிலியர். குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டில் பயிற்சி பெற்றவள். 2017இல் தெற்கு சூடானில் ஒரு நிவாரணக் குழுவோடு ஒன்பது மாதம் வேலை பார்த்தேன். சூடான் வேறு, தெற்கு சூடான் வேறு. 2011இல் பிரிந்த இரண்டு நாடுகள். ஆனால் பசி இரண்டு இடத்திலும் ஒரே வழியில்தான் வந்தது. அந்த வழியைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கான பதில் வயலில் இல்லை, சாலையில் இருக்கிறது.

முதலில் எல் ஃபாஷர். சூடானின் மேற்கே தார்ஃபூர் பகுதியில் இருக்கும் பெரிய நகரம். 2023 ஏப்ரல் 15 அன்று சூடான் ராணுவத்துக்கும் ஆர்எஸ்எஃப் என்ற துணை ராணுவப் படைக்கும் போர் மூண்டது. ராணுவத்தின் தலைவர் ஜெனரல் புர்ஹான், ஆர்எஸ்எஃப்பின் தலைவர் ஹெமெத்தி என்று அழைக்கப்படும் தகாலோ. 2024 கோடையில் ஆர்எஸ்எஃப் எல் ஃபாஷரை முற்றுகையிட்டது. அது ஓராண்டுக்கு மேல் நீடித்தது. நகரத்தைச் சுற்றி மண்ணை வெட்டிக் கரை எழுப்பினார்கள். 2025 ஆகஸ்டில் அந்தக் கரை 30 கிலோமீட்டருக்கு மேல் நீண்டிருந்தது செயற்கைக்கோள் படங்களில் தெரிந்தது. நம் ஊரில் ஏரிக்கரை என்றால் தண்ணீர் வெளியே போகாமல் காப்பது. அந்தக் கரை மனிதர்கள் வெளியே போகாமலும் மாவு உள்ளே வராமலும் காத்தது. உள்ளே 2,60,000 பேர் இருப்பதாக ஐ.நா. கணக்கிட்டது. பாதிப்பேர் குழந்தைகள்.

அங்கே மக்களின் சாப்பாடு சோளம். சோள மாவைப் புளிக்கவைத்துத் தோசையைப்போல மெல்லியதாக வார்ப்பார்கள். அதன் பெயர் கிஸ்ரா. களியாகக் கிண்டினால் அசீதா. எல் ஃபாஷரில் சோளம், கோதுமையின் விலை நாட்டின் மற்ற இடங்களைவிட 460 சதவீதம் வரை ஏறிவிட்டதாக ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் 2025 ஆகஸ்டில் சொன்னது. மாவு வாங்க முடியாதவர்கள் அம்பாஸ் சாப்பிட்டார்கள். அது என்ன என்று செய்திகளில் "கால்நடைத் தீவனம்" என்று போட்டிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு நம்மவர்கள் வைக்கோலையோ புல்லையோ நினைத்திருப்பார்கள். அம்பாஸ் என்பது கடலைப் புண்ணாக்கு. செக்கில் எண்ணெய் எடுத்த பிறகு மிஞ்சுவது. நம் வீடுகளில் மாட்டுக்குத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுப்பது. அங்கே கழுதைக்கும் ஒட்டகத்துக்கும் போடுவார்கள். அதை ஊறவைத்து, பிழிந்து, உப்பிருந்தால் உப்புப் போட்டு, குழந்தைகளுக்கு ஊட்டினார்கள்.

புண்ணாக்கின் வாசனை எனக்குத் தெரியும். எங்கள் வீட்டில் பசு இருந்தது. காலையில் புண்ணாக்கு வாளியைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போவது என் வேலை. பழைய புண்ணாக்கில் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைத் தாக்கும். ஏற்கெனவே எலும்பும் தோலுமாக இருக்கும் பிள்ளைக்கு அது என்ன செய்யும் என்று ஒரு செவிலியராக எனக்குத் தெரியும். ஊட்டிய தாய்க்கும் தெரிந்திருக்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்வியை இதன் பக்கத்தில் வையுங்கள். புண்ணாக்கு எங்கிருந்து வந்தது? கடலையிலிருந்து. சூடான் ஆப்பிரிக்காவிலேயே நிலக்கடலை அதிகம் விளைவிக்கும் நாடுகளில் ஒன்று. எள் விளைகிறது, சோளம் விளைகிறது. இரண்டு நைல் நதிகளுக்கு நடுவே கெசிரா என்ற மாபெரும் பாசனப் பரப்பு இருக்கிறது. சென்னார் அணையைக் கட்டி 1925இல் பிரிட்டிஷார் தொடங்கியது. இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகளுக்குப் பருத்தி வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது. ஆக, மண்ணுக்கோ தண்ணீருக்கோ அங்கே முழுப் பஞ்சம் கிடையாது.

வெளியே போகும் சாலையைப் பார்ப்போம். கொர்டோஃபான், தார்ஃபூர் காடுகளில் ஒருவகை வேலமரம் இருக்கிறது. அதன் பட்டையைக் கீறினால் பிசின் வடியும். அரபிப் பிசின் என்பார்கள். உலகத்துக்குத் தேவையான அரபிப் பிசினில் பெரும்பங்கு சூடானிலிருந்து வருகிறது. குளிர்பானங்களில் நிறமும் சுவையும் பிரியாமல் இருக்க அதைச் சேர்க்கிறார்கள். மிட்டாயில், மாத்திரையில், அச்சு மையில் எல்லாம் இருக்கிறது. 1997இல் அமெரிக்கா சூடான்மீது பொருளாதாரத் தடை விதித்தபோது இந்தப் பிசினுக்கு மட்டும் விலக்குக் கிடைத்தது. இந்தப் போரிலும் பிசின் மூட்டைகள் எல்லை தாண்டிப் போய்க்கொண்டுதான் இருந்தன. வழியில் ஆயுதக் குழுக்கள் சுங்கம் வாங்கின. தங்கமும் அப்படித்தான். சூடான் தங்கத்தின் பெரும்பகுதி ஐக்கிய அரபு அமீரகத்துக்குப் போகிறது. தார்ஃபூருக்கு ஆயுதம் போகக் கூடாது என்று ஐ.நா. பாதுகாப்பு அவையின் தடை 2004 முதல் இருக்கிறது. ஆயுதம் போகாத நாளில்லை. அமீரகம் தான் ஆயுதம் கொடுக்கவில்லை என்று மறுக்கிறது. யார் கொடுத்தாலும், தோட்டா உள்ளே போக வழி இருந்தது. பிசினும் தங்கமும் வெளியே வர வழி இருந்தது. 2025 ஜூனில் எல் ஃபாஷருக்கு உணவு ஏற்றிச் சென்ற 15 லாரிகள், நகரத்துக்கு 80 கிலோமீட்டர் தொலைவில் அல் கோமா என்ற ஊரில் காத்து நின்றபோது தாக்கப்பட்டன. ஐந்து பேர் இறந்தார்கள். சோளத்துக்கு மட்டும்தான் வழியில்லை.

நான் படித்த, பார்த்த எந்தப் பஞ்சத்திலும் இது மாறவில்லை. உள்ளே வரும் வழி அடைபடுகிறது. வெளியே போகும் வழி திறந்தே கிடக்கிறது.

நமக்கே இது நடந்திருக்கிறது. தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார்கள் சொல்வார்களே, 1876 முதல் 1878 வரை. தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். மழை பொய்த்தது உண்மை. ஆனால் பஞ்சத்தின் நடுவே, 1877-78இல், இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்கு 3 லட்சம் டன்னுக்கு மேல் கோதுமை ஏற்றுமதியானது. மெட்ராஸ் கடற்கரையில் தானிய மூட்டைகள் மலைபோல் அடுக்கப்பட்டிருந்த படம் இன்றும் இருக்கிறது. அரிசியை ஊருக்குள் கொண்டுவரத்தான் ரயில் போட்டோம் என்றார்கள். விலை எங்கே அதிகமோ அங்கே அரிசியை ஏற்றிக்கொண்டு போகவும் அதே தண்டவாளம் உதவியது.

இதில் நான் மறக்க முடியாத மனிதர் ரிச்சர்ட் டெம்பிள். 1874இல் வங்காளத்தின் துணைநிலை ஆளுநராக இருந்தவர். அப்போது வங்காளத்தோடு சேர்ந்திருந்த பீகாரில் பஞ்சம் வந்தது. அவர் பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான டன் அரிசி வரவழைத்தார், கொடுத்தார், ஏறக்குறைய யாரும் சாகவில்லை. அதற்காக அவரைப் பாராட்டினார்களா? அரசுப் பணத்தை வாரி இறைத்தவர் என்று லண்டனிலிருந்து ஏச்சு வந்தது. மூன்றாண்டு கழித்து வைஸ்ராய் லிட்டன் அதே டெம்பிளை மெட்ராஸுக்கு அனுப்பினார். இந்தமுறை டெம்பிள் சிக்கனக்காரராக வந்தார். நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம், ஓரணா காசு. ஒரு பவுண்டு என்றால் 450 கிராம். அது உயிர் தாங்கப் போதாது என்று மெட்ராஸ் மாகாணத்தின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். டெம்பிளின் பெயரிலேயே அந்தக் கூலி வரலாற்றில் நின்றுவிட்டது.

அப்போது எப்படிக் காப்பாற்றுவது என்று தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது என்பதற்காகத்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். தெரிந்திருந்தது. அதே மனிதர் செய்து காட்டியிருந்தார். செலவு அதிகம் என்று நிறுத்தினார்கள்.

1943 வங்கப் பஞ்சத்தைச் சிறுவனாகக் கண்ணால் பார்த்த பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென், பின்னாளில் கணக்குப் போட்டார். 1943இல் வங்காளத்தில் இருந்த அரிசி 1941இல் இருந்ததைவிட அதிகம்; ஆனால் 1941இல் பஞ்சமில்லை. போர்க்காலப் பணம் ஒரு பக்கம் குவிந்து விலையை ஏற்றியது; கூலிக்காரர்கள், மீனவர்கள், நாவிதர்களின் வருமானம் அப்படியே நின்றது. அரிசி கண்முன்னே இருந்தது, வாங்கும் சக்தி போய்விட்டது. எத்தியோப்பியாவின் வோல்லோவில் 1973இல் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது அங்கிருந்து உணவு வேறு ஊர்களுக்குப் போய்க்கொண்டிருந்ததையும் அவர்தான் எடுத்துக்காட்டினார். மக்கள்தொகை பெருகிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். வங்கதேசத்தில் இன்று 1943ஐவிடப் பல மடங்கு மக்கள். பஞ்சமில்லை.

இனி நான் வேலை பார்த்த இடத்துக்கு வருகிறேன். 2017 பிப்ரவரியில் தெற்கு சூடானின் யூனிட்டி மாநிலத்தில் லேர், மயென்டிட் என்ற இரண்டு வட்டங்களில் பஞ்சம் அறிவிக்கப்பட்டது. 2013 டிசம்பரில் தொடங்கிய உள்நாட்டுப் போர் அங்கே ஊர்களை எரித்து, மாடுகளை ஓட்டிக்கொண்டு போயிருந்தது. அங்கே மாடுதான் வங்கி, சீதனம், பால், மானம் எல்லாம். மக்கள் நைலின் சுட் சதுப்புக்குள் இருக்கும் தீவுகளுக்கு ஓடினார்கள். படகு போகாத நாணலுக்குள் கழுத்தளவு தண்ணீரில் நடந்து போனார்கள். அங்கே அல்லிக் கிழங்கையும் அல்லி விதையையும் தின்று மாதக்கணக்கில் இருந்தார்கள். அப்போதும் மேல் நைல் மாநிலத்து எண்ணெய், குழாய் வழியாகச் செங்கடல் துறைமுகம்வரை ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சம் அறிவித்த அடுத்த மாதமே வெளிநாட்டு நிவாரண ஊழியர்களுக்கான வேலை அனுமதிக் கட்டணத்தை 10,000 டாலராக உயர்த்தப்போவதாக அந்த அரசு சொன்னது. பிறகு கைவிட்டார்கள். உணவு வானத்திலிருந்து விழுந்தது. பெரிய சரக்கு விமானம் தாழப் பறந்து சோள மூட்டைகளைக் கொட்டும். லாரியில் கொண்டுவருவதைவிடப் பல மடங்கு செலவு. சாலையில் துப்பாக்கி இருந்ததால் வானம்.

என் கையில் இருந்த கருவி ஒரு நாடா. ஒரு முழம்கூட இருக்காது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று மூன்று நிறம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுவரை உள்ள குழந்தையின் இடது கையில், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில் அதைச் சுற்ற வேண்டும். 125 மில்லிமீட்டருக்குமேல் பச்சை. 115க்கும் 125க்கும் நடுவே மஞ்சள். 115க்குக் கீழே சிவப்பு, உடனே சிகிச்சை. 115 மில்லிமீட்டர் சுற்றளவு எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவுதான். அதற்குள் எலும்பும் இருக்கிறது, சதையும் இருக்கிறது.

பிறகு இரண்டு பாதத்தையும் கட்டைவிரலால் மூன்று நொடி அழுத்திப் பார்ப்போம். குழி விழுந்து அப்படியே நின்றால் நீர் கோத்திருக்கிறது. வீங்கிய பிள்ளையைப் பார்த்துத் தேறிவிட்டது என்று நம்பும் தாய்மார்கள் உண்டு. அவர்களிடம் உண்மையைச் சொல்வது இந்த வேலையில் கடினமான பகுதி. கடும் பசியில் இருக்கும் குழந்தை அழாது என்பதையும் அங்கேதான் கற்றேன். அழுவதற்குக்கூடச் சக்தி வேண்டும். கூடாரத்தில் ஒரு பிள்ளை வீறிட்டு அழுதால் நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்போம். அது பிழைத்துக்கொள்ளும் பிள்ளை.

பட்டினி கிடந்த உடம்புக்கு வயிறு நிறையச் சோறு போட்டால் செத்துப்போகும் என்பது பலருக்குத் தெரியாது. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் திடீரென்று இறங்கி இதயம் நின்றுவிடும். அதனால் சிக்கல் உள்ள குழந்தைகளுக்கு முதல் சில நாட்கள் நீர்த்த சிகிச்சைப் பாலை அளந்து அளந்து கொடுப்போம். மற்றவர்களுக்குப் பொட்டலம். 92 கிராம், 500 கலோரி. அதற்குள் என்ன தெரியுமா? வறுத்து அரைத்த நிலக்கடலை, பால் பவுடர், சர்க்கரை, எண்ணெய், வைட்டமின்கள். 1990களின் நடுவில் பிரான்சில் கண்டுபிடித்தது. தண்ணீர் கலக்க வேண்டாம், அடுப்பு வேண்டாம், ஓரத்தைக் கிழித்து அப்படியே சப்பலாம். 150 பொட்டலம் கொண்ட ஒரு பெட்டி ஏறக்குறைய ஒரு குழந்தையின் முழு சிகிச்சை. ஆறேழு வாரத்தில் பிள்ளை மீண்டுவிடும். நான் பார்த்த மருந்துகளில் இதைவிடச் சுலபமாக வேலை செய்யும் மருந்து வேறில்லை.

சூடானுக்குத் தேவையான பொட்டலங்களில் 60 சதவீதத்தைத் தலைநகர் கார்ட்டூமில் இருந்த ஓர் ஆலையே செய்துவந்தது. சூடானின் கடலை, சூடானின் ஆலை. போர் தொடங்கிய அடுத்த மாதம், 2023 மேயில், அது எரிந்துபோனது. உள்ளே 14,500 பெட்டிகள் அனுப்பத் தயாராக இருந்ததாக யுனிசெஃப் சொன்னது. 14,500 பெட்டி என்றால் 14,500 குழந்தை. இரண்டாண்டு கழித்து அதே நாட்டில் கடலையின் சக்கையை மனிதர்கள் தின்றார்கள். எல் ஃபாஷர் செய்தி வந்த நாளிலிருந்து இந்த இரண்டும் என் மனத்தில் பக்கத்துப் பக்கத்தில்தான் நிற்கின்றன. கடலையின் சாரம் ஒரு குழந்தையை ஆறு வாரத்தில் எழுப்பும். அதன் சக்கை மட்டும் கிடைத்த ஊரில் குழந்தைகள் செத்தார்கள்.

உலகம் ஏன் முன்பே வரவில்லை என்று கேட்பீர்கள். பசியை ஐந்து படியாகப் பிரிக்கும் ஒரு முறை இருக்கிறது, ஐபிசி என்பார்கள். ஐந்தாம் படி பஞ்சம். அதை அறிவிக்க மூன்று கணக்கு வேண்டும். ஐந்தில் ஒரு குடும்பத்துக்கு உணவே இல்லாத நிலை, குழந்தைகளில் 30 சதவீதத்துக்குக் கடும் ஊட்டக்குறைவு, நாளொன்றுக்கு 10,000 பேரில் இரண்டு சாவு. நல்ல நோக்கத்தில் வந்த முறை. யாரோ ஒருவர் வாய்க்கு வந்தபடி பஞ்சம் என்று சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வந்தது. ஆனால் மூன்றாவது கணக்கைக் கவனியுங்கள். அது நிறைவேறுவதற்கு ஆட்கள் செத்திருக்க வேண்டும். சோமாலியாவில் 2010 ஆகஸ்டிலிருந்தே எச்சரித்தார்கள். பஞ்சம் அறிவித்தது 2011 ஜூலை 20. மொத்தம் இறந்த இரண்டரை லட்சம் பேரில் ஏறக்குறைய பாதிப்பேர் அந்தத் தேதிக்கு முன்பே இறந்துவிட்டதாகப் பின்னால் வந்த ஆய்வு சொன்னது. அந்த இரண்டரை லட்சத்தில் பாதி ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள்.

அளக்க வேண்டுமென்றால் உள்ளே போக வேண்டும். வழியை அடைத்தவன் கணக்கையும் அடைக்கிறான். 2024 ஆகஸ்டில் எல் ஃபாஷர் அருகே, வீடிழந்து ஓடிவந்தவர்கள் தங்கியிருந்த ஸம்ஸம் முகாமில் பஞ்சம் இருப்பது உறுதியானது. அந்த டிசம்பரில் சூடான் அரசு ஐபிசி முறையிலிருந்தே விலகிக்கொண்டது. ராணுவமும் வழியை அடைத்தது, ஆர்எஸ்எஃப்பும் அடைத்தது; இதில் ஒரு பக்கத்தை மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும்.

இது ஈழத்தவருக்குப் புதிதல்ல. 2009 பிப்ரவரியில் வன்னியின் போர்ப் பகுதிக்குள் சுமார் 70,000 பேர்தான் இருக்கிறார்கள் என்று இலங்கை அரசு சொன்னது. உணவு அந்தக் கணக்கைப் பார்த்துத்தான் அனுமதிக்கப்பட்டது. கடைசியில் வெளியே வந்து முகாம்களில் அடைக்கப்பட்டவர்கள் மட்டும் ஏறக்குறைய 2,90,000 பேர். உள்ளேயே இறந்தவர்கள் தனி. ஒவ்வோர் ஆண்டும் மே மாதத்தில் முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சிக் கொடுக்கிறார்களே, அரிசியும் தண்ணீரும் மட்டும் கொதித்த அந்தக் கஞ்சி, இந்தக் கணக்கின் கஞ்சி. எல் ஃபாஷர் பெண்களுக்கு அதை விளக்க வேண்டிய அவசியமே இருக்காது.

இப்போது பணம். உலக உணவுத் திட்டத்துக்கென்று ஒரு ரூபாய்கூட நிலையான வருமானம் கிடையாது. அரசுகள் மனமுவந்து கொடுத்தால் உண்டு. 2024இல் அதற்குக் கிடைத்தது சுமார் 1,000 கோடி டாலர். அதே ஆண்டு உலக நாடுகள் ராணுவத்துக்குச் செலவிட்டது 2.7 லட்சம் கோடி டாலர். மிகப் பெரிய கொடையாளி அமெரிக்கா. 2025 ஜனவரியில் அங்கே புதிய அரசு வந்து வெளிநாட்டு உதவியை ஒரே நாளில் நிறுத்திவைத்தது. சூடானில் தெருத் தெருவாக நடந்துகொண்டிருந்த பொதுச் சமையல்கள் சில வாரங்களில் பெரும்பாலும் மூடப்பட்டன. வாஷிங்டனில் போட்ட ஒரு கையெழுத்து கார்ட்டூமில் ஓர் அண்டாவைக் கவிழ்க்கிறது. ஏற்றத்தாழ்வு என்ற சொல்லுக்கு எனக்குத் தெரிந்த பொருள் இதுதான். ஒருவன் வீட்டுச் சோறு இன்னொருவனின் மனநிலையைப் பொறுத்திருப்பது.

அந்தச் சமையல்களைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. தகாயா என்பார்கள். சூஃபி மடங்களில் வழிப்போக்கருக்கும் ஏழைக்கும் சோறு போடும் பழைய வழக்கத்திலிருந்து வந்த பெயர். கேட்டதும் எனக்கு வடலூர்தான் நினைவுக்கு வந்தது. 1867இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு, தாது வருஷத்துக்கு ஒன்பதாண்டு முன்பே எரியத் தொடங்கியது. சூடானில் போர் வந்ததும் அந்தந்தத் தெரு இளைஞர்கள் சேர்ந்து அவசர உதவிக் குழுக்கள் அமைத்தார்கள். மருந்து தேடுவது, கிணற்று மோட்டாரைப் பழுது பார்ப்பது, பிணம் அடக்குவது, பருப்பும் சோளமும் வேகவைத்து வரிசையில் நிற்பவர்களுக்கு ஊற்றுவது. இரண்டு பக்கமும் அவர்களை எதிரியின் ஒற்றர்கள் என்று பிடித்தது; சிலரைக் கொன்றது. 2025இல் அவர்களுக்கு, மாற்று நோபல் என்று சொல்லப்படும் ரைட் லைவ்லிஹுட் விருது கிடைத்தது. அதே ஆண்டு அக்டோபர் 26 அன்று எல் ஃபாஷர் ஆர்எஸ்எஃப் வசம் விழுந்தது. பிறகு அங்கே நடந்த கொலைகளை நீங்கள் படித்திருப்பீர்கள்.

வருந்துவதால் என்ன பயன் என்ற கேள்விக்கு இரண்டு நேரடியான பதில்கள் வைத்திருக்கிறேன்.

ஒன்று, சூடானியர்கள் நமக்கு அவ்வளவு தொலைவில் இல்லை. ரியாதிலும் துபாயிலும் தோஹாவிலும் நம் பிள்ளைகள் அவர்களோடுதான் வேலை பார்க்கிறார்கள், ஒரே கட்டடத்தில் தங்குகிறார்கள். அந்தத் தெருச் சமையல்களில் பல, இப்படி வெளிநாட்டில் இருக்கும் சூடானியர்கள் கைப்பேசி வழியாக ஊருக்கு அனுப்பும் பணத்தில் எரிகின்றன. உங்கள் அறைக்குப் பக்கத்து அறையில் இருப்பவரிடம் "உங்கள் வீட்டார் எங்கே இருக்கிறார்கள்?" என்று கேளுங்கள். கேட்டால் அவரே வழி சொல்வார். பெரிய நிறுவனங்களுக்குக் கொடுப்பதும் நல்லதுதான். லாரியும் விமானமும் அவர்களிடம்தான் இருக்கின்றன. ஆனால் லாரி போக முடியாத தெருவில் அண்டா வைத்தவர்கள் இவர்கள்.

இரண்டு, சொல்லைச் சரியாகச் சொல்வது. "வறட்சியால் பஞ்சம்", "பட்டினிச் சாவு" என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். எந்தச் சாலை, யார் அடைத்தார்கள், எத்தனை நாள் என்று எழுத வேண்டும். போரில் பட்டினி போடுவதைக் கண்டித்து ஐ.நா. பாதுகாப்பு அவை 2018 மேயில் 2417ஆம் தீர்மானம் நிறைவேற்றியது. அப்படிப் பட்டினி போடுவது பன்னாட்டுச் சட்டப்படி போர்க்குற்றம். 2024 நவம்பரில் காஸா தொடர்பாகப் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணைகளில் பட்டினியை ஆயுதமாக்கிய குற்றமும் இருக்கிறது. டெம்பிளையும் லிட்டனையும் யாரும் விசாரிக்கவில்லை. பெயர் சொல்லிக் கேட்கும் காலம் இப்போதுதான் தொடங்கியிருக்கிறது; அதை வானத்தின் மேல் பழிபோட்டு வீணாக்கக் கூடாது.

கணக்கைப் பற்றி இவ்வளவு பேசிவிட்டேன். அதனால் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். 2017 ஜூலையில் ஒரு தாய் சதுப்பிலிருந்து இரண்டு இரவு நடந்து எங்கள் கூடாரத்துக்கு வந்தாள். இடுப்பில் ஒன்றரை வயதுப் பையன். கையைப் பிடித்துக்கொண்டு நான்கு வயதுப் பெண். பையனுக்கு நாடா 109 காட்டியது. பெண்ணுக்கு 127. விதிப்படி பையனுக்கு ஒரு வாரத்துக்கான பொட்டலங்களைக் கொடுத்தேன். பெண் பச்சை நிறத்தில் இருந்தாள், அவளுக்கு ஒன்றுமில்லை. இது மருந்து, இவனுக்கு மட்டும்தான், யாரோடும் பங்கு போடாதே என்று மொழிபெயர்ப்பாளர் வழியாக இரண்டு முறை சொன்னேன். அவள் தலையசைத்தாள்.

அடுத்த வாரம் வந்தாள். பையன் ஒரு கிராம்கூட ஏறவில்லை. நான் கோபப்பட்டேன். பங்கு போட்டாயா என்று கேட்டேன். ஆமாம் என்றாள். ஏன் என்று கேட்டேன். அவள் பதில் சொல்லவில்லை. மகளின் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றாள். நான் வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டேன்.

மத்தியானம் கூட்டம் குறைந்ததும் அவளைத் தேடிப் போனேன். வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். திரும்பவும் கூட்டிவந்து பெண்ணின் கையில் நாடாவைச் சுற்றினேன். அப்போதும் 127 தான். பதிவேட்டைத் திறந்து அவள் பெயரை எழுதி, பக்கத்தில் 124 என்று எழுதினேன். மஞ்சள் நிறப் பிள்ளைகளுக்கு உண்டான பொட்டலங்களை எண்ணி அவள் கையிலேயே கொடுத்தேன்.